எதிர்பாராதவிதமாக: மவுன்ட் கரோல் சோளக் குதிர் விபத்து, 2010

செய்தித்தாளில் வரும் தொழிற்சாலை விபத்துச் செய்தி எதையாவது எடுத்துப் பாருங்கள். ‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். எதிர்பாராதவிதமாக மிஷினில் கை சிக்கியது. எதிர்பாராதவிதமாகக் கால் இடறித் தொட்டிக்குள் விழுந்தார். நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளில் புதிதாகச் சேரும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. இந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவேன். யார் எதிர்பார்க்கவில்லை? செத்துப்போன பையன் எதிர்பார்க்கவில்லை, சரி. அவனை அங்கே ஏறச் சொன்னவர்? அந்த ஆலையை நடத்தியவர்? விதிமுறை எழுதியவர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் கையில் எடுக்கும் விபத்து நம் ஊரில் நடந்ததல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மவுன்ட் கரோல் என்ற சிற்றூரில், 2010 ஜூலை 28ஆம் தேதி நடந்தது. ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஆலை மேனேஜர்கள் கேட்பதுண்டு. அந்த விபத்தில் அரசு விசாரணை கண்டுபிடித்தது என்ன என்பது பொதுவெளியில் கிடக்கிறது. நம் ஊரில் விபத்து நடந்த மறுநாள் செய்தி வரும். ஆறு மாதம் கழித்து அதிகாரிகள் என்ன கண்டார்கள் என்பது சாமானியன் கண்ணில் படுவது அபூர்வம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பையன்கள் மூழ்கியது மக்காச்சோளத்தில். பெரம்பலூரிலிருந்து லாரியில் வந்து நாமக்கல் ஆலைகளில் குவிகிறதே, அதே சோளத்தில்.

நடந்தது

மவுன்ட் கரோல் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சோளக்காடு. அறுவடையானதைக் கொட்டி வைக்க இரும்புத் தகட்டால் ஆன ராட்சதக் குதிர்கள். நம் ஆட்கள் சைலோ என்பார்கள். நான் குதிர் என்றே சொல்கிறேன், வேலை அதே வேலைதான். இந்த விபத்து ஹாஸ்பாக் என்ற நிறுவனத்தின் குதிர் ஒன்றில் நடந்தது.

கதை முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 2009 அறுவடைக் காலத்தில் அந்தப் பகுதியில் மழை விடவில்லை. ஈரம் சரியாகக் காயாமலே சோளம் குதிர்களுக்குள் போனது. ஈரச் சோளம் என்ன ஆகும் என்று நம் வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும். அடிவாயைத் திறந்தாலும் இறங்காமல் அப்படியே நிற்கும். அப்போது ஆட்களை உள்ளே அனுப்பிச் சோளத்தின் மேல் நடக்கவிட்டு, கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் கட்டிகளை உடைத்து வாயை நோக்கித் தள்ளச் சொல்வார்கள். அங்கே அதற்கு ‘சோளத்தை நடந்து இறக்குவது’ என்று பெயர். இங்கே ‘இறங்கிக் குத்தி விடுறது’.

அன்று புதன்கிழமை. காலையில் குதிருக்குள் போனவர்கள் எல்லோரும் சின்னப் பையன்கள். ஒருவனுக்கு 14 வயது. ஒருவனுக்கு 19, இன்னொருவனுக்கு 20. கூட இன்னொரு பையனும் இருந்தான். கோடை விடுமுறை வேலைக்கு வந்தவர்கள். 14 வயதுப் பையன் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 19 வயதுக்காரன் அதைவிடப் புதியவன். அவர்கள் காலுக்குக் கீழே முப்பது அடிக்கு மேல் சோளம் கிடந்தது. மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் சோளத்தை வெளியே இழுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் உடம்பிலும் பெல்ட் இல்லை, கயிறு இல்லை.

முதலில் 14 வயதுப் பையனைச் சோளம் இழுத்தது. அவன் கத்தினான். 19, 20 வயதுக்காரர்கள் இருவரும் அவனைத் தூக்கப் போனார்கள். அவனை மீட்க முடியவில்லை, இவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நான்காவது பையன் எப்படியோ ஏறித் தப்பி, ஆள் கூப்பிட ஓடினான். இயந்திரம் நிறுத்தப்படுவதற்குள் 14 வயதுக்காரன் முழுக்க உள்ளே போயிருந்தான். 19 வயதுக்காரனும் தன் நண்பன் பக்கத்தில் இருக்கும்போதே மூழ்கினான். 20 வயதுக்காரன் மட்டும் தலை வெளியே தெரியும்படி நின்றான். மீட்புப் படையினர் அவனை உயிரோடு எடுக்க ஆறு மணி நேரம் அளவில் ஆனது. மற்ற இருவரையும் சடலமாகத்தான் எடுத்தார்கள்.

சோளம் ஏன் இழுக்கிறது

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். சோளத்தில் போய் யாராவது மூழ்குவார்களா சார்? தண்ணீர் என்றால் நம்புவோம். புதைமணல் என்றால் சினிமாவில் பார்த்திருக்கிறோம். சோளம் கெட்டியான பொருள், மேலே நின்றால் காலைத் தாங்குகிறது, மூட்டையை இறக்கினால் தாங்குகிறது.

நான் மாவு மில்லை நினைவுபடுத்துவேன். அரிசியை மேலே கூம்பில் கொட்டுகிறார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் எந்த அரிசி முதலில் உள்ளே போகிறது? ஓரத்தில் இருப்பது அப்படியே நிற்கும். நடுவில் ஒரு குழி விழும். மேல்பரப்பில் இருக்கும் அரிசிதான் சரிந்து சரிந்து அந்தக் குழிக்குள் இறங்கும். சின்ன வயதில் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! குதிரிலும் அதுதான் நடக்கிறது. அடிவாயைத் திறந்தால் அடியிலிருப்பது மட்டும் போகாது. வாய்க்கு நேர் மேலே ஒரு தூண் மாதிரி இறங்கும். அந்தத் தூணை நிரப்புவது மேல்பரப்புச் சோளம். மேல்பரப்பில் நிற்கும் ஆளும் அந்தச் சோளத்தோடு சேர்த்திதான்.

வகுப்பில் இதைச் செய்தே காட்டுவேன். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டுத் தலைகீழாக ஒரு ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறேன். கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு அந்த ஆலையின் சோளத்தையே நிரப்பச் சொல்வேன். மேலே ஒரு பிளாஸ்டிக் பொம்மையை நிறுத்துவேன். என் பெண் சின்னதாக இருந்தபோது வைத்து விளையாடியது, கழுத்தில் ஒரு நூல் கட்டியிருக்கும். கையை எடுத்ததும் முதல் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. பொம்மை நின்றுகொண்டிருக்கும். அப்புறம் நடுவை நோக்கி லேசாகச் சாயும். கால் போகும், இடுப்பு போகும், அதற்குள் யாராவது ‘நிறுத்துங்க சார்’ என்பார்கள். கழுத்தை மூடிவிட்டு, நூலைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்வேன். இழுப்பவர் முகம் மாறும் நேரம் அதுதான். உள்ளங்கையளவு பொம்மை, கையளவு சோளம், அதற்கே அந்தப் பிடி.

நிஜக் குதிரில் நாலைந்து நொடியில் முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். அதற்குப் பிறகு தானாகக் காலை உருவ முடியாது. அரை நிமிடத்துக்குள் ஆளே தெரியாமல் போய்விடலாம். இடுப்புக்கு மேல் புதைந்தவரைக் கயிறு கட்டி இழுத்தாலும் வர மாட்டார். அவர் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் முதுகெலும்பு போகும். நெஞ்சுவரை புதைந்தவருக்கு இன்னொரு கொடுமை. மூச்சை விடும்போது நெஞ்சுக்கூடு சுருங்கும். அந்த இடைவெளியில் சோளமணி நிரம்பும். அடுத்த மூச்சை இழுக்க நெஞ்சு விரிய இடமிருக்காது. அதனால்தான் மீட்புப் படைகள் இழுப்பதில்லை. ஆளைச் சுற்றித் தகடுகளை இறக்கி ஒரு வளையம் கட்டி, உள்ளிருக்கும் சோளத்தை உறிஞ்சியும் அள்ளியும் எடுக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆவது இதனால்தான்.

கட்டி தட்டிய சோளத்தில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மேல் ஓடு கெட்டியாக நிற்க, அடியில் சோளம் இறங்கி வெற்றிடமாகியிருக்கும். ‘பாலம் கட்டிக்கிச்சு’ என்பார்கள் நம் ஆட்கள். மேலே கால் வைத்தால் பாலம் உடையும்.

என் செருப்பு

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட வேண்டாம். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஒரு தீவன ஆலையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சூப்பர்வைசர் கூப்பிட்டார். “தம்பி, மேல ஏறி லேசாக் குத்தி உடு. ரெண்டு நிமிச வேலை.” கையில் ஒரு நீளக் கம்பி கொடுத்தார். ஏணியில் ஏறி உள்ளே இறங்கினேன். கன்வேயர் ஓடுகிற சத்தம் கேட்டது. அது ஓடக்கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆலைக்குள் எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு காலில் மட்டும் திடீரென்று பாரம் கூடியது போல இருந்தது. குனிந்து பார்த்தால் முழங்கால் தெரியவில்லை. ஒரு கை ஏணியின் கடைசிப் படியில் இருந்ததால் தப்பித்தேன். கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு காலை உருவினேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து அது கீழே கன்வேயர் ஜல்லடையில் வந்து மாட்டி, ஓட்டம் நின்றது. “ஏண்டா, செருப்பைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதா?” என்று திட்டு விழுந்தது. நானும் ‘சாரி சார்’ என்றேன். அன்றைக்கு ஆலையில் எழுதப்பட்ட குறிப்பு எதுவும் இருந்தால், கன்வேயர் இருபது நிமிடம் நின்றது என்று மட்டும்தான் இருக்கும்.

மவுன்ட் கரோல் விசாரணை விவரங்களை முதன்முதலாகப் படித்தபோது என் கண்ணில் நின்றது அந்த ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்தான்.

யார் எதிர்பார்த்திருந்தார்கள்

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஓஷா. தானியக் கிடங்குகளுக்கென்றே தனியாக ஒரு விதித் தொகுப்பை அது 1987இல் வெளியிட்டது. விபத்துக்கு 23 ஆண்டுகளுக்கு முன்னால். குதிருக்குள் ஆள் போவதற்கு முன் உள்ளேயிருக்கும் இயந்திரங்களின் மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் தவறிக்கூடப் போட முடியாதபடி பூட்ட வேண்டும். மூழ்கும் ஆழத்துக்குத் தானியம் இருந்தால் உடம்பில் பெல்ட்டும் உயிர்க்கயிறும் வேண்டும். வெளியே ஒருவர் நின்று உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மீட்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்களுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். பயங்கரமான தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு பூட்டு, ஒரு பெல்ட், ஒரு கயிறு, வெளியே ஒரு ஆள்.

விசாரணை முடிந்து 2011 ஜனவரியில் ஓஷா அறிவித்தது: மொத்தம் 25 விதிமீறல்கள். அவற்றில் 12 தெரிந்தே செய்தவை என்று வகைப்படுத்தியது, இன்னொரு 12 கடுமையானவை. நிறுவனத்துக்குச் சட்டமும் தெரியும், இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த பாதுகாப்பு முறைகளும் தெரியும், தெரிந்தும் புறக்கணித்தது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். பெல்ட்டும் கயிறும் தந்திருந்தால் அவர்கள் மூழ்கியிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னது. 5,55,000 டாலர் அபராதம். சிறுவர்களை வேலைக்கு வைக்கும் சட்டத்தை மீறியதற்காகத் தொழிலாளர் துறையின் இன்னொரு பிரிவு தனியாக 68,125 டாலர் விதித்தது.

ஆக, ‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல் அந்தக் குதிரில் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தால், உள்ளே நின்ற பையன்களுக்கு மட்டும்தான். விதி எழுதியவர்கள் எதிர்பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். முதல் நாள் உள்ளே நுழைகிறவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு இது ஒற்றைச் சம்பவமும் அல்ல. 2010இல் மட்டும் அமெரிக்காவில் குறைந்தது 26 பேர் தானியத்தில் மூழ்கிச் செத்தார்கள். பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுதான் அதிகம். ஈர அறுவடை பல குதிர்களில் கட்டி தட்டியிருந்தது, அவற்றுக்குள் யாரையோ இறக்கினார்கள். மழை பெய்த அன்றைக்கே அடுத்த கோடையில் இது வரும் என்று கணக்குப் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏன் புதுப்பையன்

விபத்து விசாரணைகளில் நான் அடிக்கடி பார்க்கும் வார்த்தை ‘கவனக்குறைவு’. வயசுப் பையன், விளையாட்டுத்தனம், போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மவுன்ட் கரோலில் இந்தச் சாக்குக்கு இடமே இல்லை. அந்தப் பையன்கள் சொன்ன வேலையை, சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே செய்துகொண்டிருந்தார்கள். கீழ்ப்படிந்ததுதான் அவர்கள் செய்தது.

கனடாவின் டொரண்டோவில் வேலையும் உடல்நலமும் பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக ஒரு கணக்கைப் போட்டு வருகிறது. ஒரு வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருப்பவரோடு ஒப்பிட்டால், முதல் மாதத்தில் இருப்பவருக்கு வேலைநாளை இழக்கும் அளவுக்குக் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். இதில் என்னை உறுத்தும் விஷயம், இது இளைஞர்களுக்கு மட்டும் என்றில்லை. நாற்பத்தைந்து வயதில் புதிய ஆலைக்குப் போனாலும் முதல் மாதம் முதல் மாதம்தான். இளைஞர்களைப் பொறுத்தவரை, 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்கள் உயிர்ச்சேதமில்லாத காயங்களுக்கு ஆளாகும் விகிதம் மூத்தவர்களைவிட 40 சதவீதம் வரை அதிகம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சொன்னது. எப்போதும் புதியவர்களாக இருப்பவர்கள் இளைஞர்கள் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

புதிதாக வருபவனுக்கு எது சாதாரணம் என்று தெரியாது. பத்து வருஷம் வேலை பார்த்த ஆப்பரேட்டருக்கு பேரிங் சத்தம் மாறினால் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் காது நிமிரும். புதியவனுக்கு எல்லாச் சத்தமும் சத்தம்தான். அப்புறம், கேள்வி கேட்பதில் உள்ள தயக்கம். ஒரு வகுப்பில் கேட்டேன்: “மேஸ்திரி சொன்ன வேலைய மாட்டேன்னு சொன்னவங்க இருந்தா கை தூக்குங்க.” யாரும் தூக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: “சொன்னா மக்காநாளு வேல இருக்காதுங்க சார்.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஆபத்தான, அழுக்கான, மூச்சு முட்டும் வேலை எப்போதும் கீழே இருப்பவனிடம் உருண்டு வரும். பழைய ஆளுக்கு அந்தக் குதிருக்குள் இறங்கப் பிடிக்காது, அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதும் உள்ளூரத் தெரியும். அதனால் ‘தம்பி, நீ ஏறு’. தம்பி உற்சாகமாக ஏறுவான். நல்ல பையன் என்று பெயர் வாங்க அவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது.

நம் ஆலைகளில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. பாதி ஆட்கள் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள். சுவரில் ‘எச்சரிக்கை: அனுமதியின்றி உள்ளே இறங்காதீர்’ என்று அழகான தமிழில் எழுதியிருக்கிறது. யாருக்கு?

தூக்கப் போனவன்

மவுன்ட் கரோலில் ஒருவர் மாட்டிக்கொண்டதும் இரண்டு பேர் அவனைத் தூக்கப் பாய்ந்தார்கள். இதைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் பாய்ந்திருப்பேன். நம் ஊரில் செப்டிக் டேங்க் செய்திகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மயங்குகிறார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அண்ணனைத் தூக்க இன்னொருவர். மூன்று உடல்கள். அடைபட்ட இடங்களில் நடந்த சாவுகளை அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1980களில் ஆராய்ந்தபோது, செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டது.

அதனால்தான் விதியில் வெளியே நிற்கும் ஆள் முக்கியமாகிறார். அவர் வேலை உள்ளே குதிப்பது அல்ல. கயிற்றைப் பிடித்திருப்பது, இயந்திரம் ஓடினால் நிறுத்துவது, ஆள் கூப்பிடுவது. இதைச் சொல்லும்போது வகுப்பில் முகங்கள் சுருங்கும். கண்ணெதிரே நண்பன் போகிறான், நீ வெளியே நில் என்றால் எவன் நிற்பான்? நிற்க மாட்டான் என்பதை ஒப்புக்கொண்டுதான் கயிற்றை முன்னாலேயே கட்டச் சொல்கிறோம்.

அப்புறம் என்ன ஆனது

5,55,000 டாலர் அபராதம் பேச்சுவார்த்தையில் 2,00,000 டாலராகக் குறைந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை. தெரிந்தே விதியை மீறி அதனால் தொழிலாளி செத்தாலும், அங்கே அந்தச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறைதான்.

உருப்படியாக நடந்ததும் உண்டு. ஓஷா நாடு முழுக்கத் தானியக் கிடங்கு நடத்துபவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2011 பிப்ரவரியில் அனுப்பியது மட்டும் சுமார் பத்தாயிரம் பேருக்கு. இயந்திரம் ஓடும்போது ஆளை இறக்காதே, சோளத்தின் மேல் நடக்கவிட்டு இறக்காதே என்று நேரடியாகச் சொன்ன கடிதம். 2011 செப்டம்பரில் தொழிலாளர் துறை புதிய விதிகளை முன்மொழிந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தானியக் குதிர்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. பண்ணைக்காரர்களின் அமைப்புகள் பலமாக எதிர்த்தன. பிள்ளைகள் அப்பாவின் நிலத்தில் வேலை கற்றுக்கொள்வதையே அரசு தடுக்கப் பார்க்கிறது என்று பேச்சு எழுந்தது. 2012 ஏப்ரலில் மொத்த முன்மொழிவையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் தோன்றும், நானும் விவசாயி மகன்தான். ஆனால் அப்பாவோடு வயலில் நிற்பதும், கூலிக்கு முப்பது அடிச் சோளத்தின் மேல் நிற்பதும் ஒன்றா என்பதை அந்த விவாதத்தில் யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் சட்டத்தையும் இங்கே ஒரு தடவை பார்த்துவிடலாம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இளம் வயதினரை ஆபத்தான இயந்திரத்தில் வேலை செய்யவிடுவதற்கு முன் அதன் ஆபத்துகளை முழுமையாக விளக்க வேண்டும், போதுமான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் அல்லது நன்றாகத் தெரிந்தவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது. அருமையான பிரிவு. ஆனால் இளம் வயதினர் என்றால் 18 நிறையாதவர். மவுன்ட் கரோலின் 19 வயதுக்காரன் நம் ஊரில் இருந்திருந்தால் அந்தப் பிரிவு அவனைத் திரும்பிப் பார்த்திருக்காது. ஹெல்பராகச் சேர்ந்த என்னையும்தான். அப்போது எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்.

அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு, விஷவாயுவோ தூசியோ சூழக்கூடிய தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றியது. மூச்சுக்கருவியும் பெல்ட்டும் அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று அதில் வந்தது. மறுமுனை வெளியே ஒருவர் கையில். 1948இலேயே எழுதிவிட்டார்கள். அந்த வரியை வகுப்பில் படிக்கும்போது சட்ட வாசகம் மாதிரியே இருக்காது, யாரோ பார்த்து அனுபவித்தவர் எழுதியது போல இருக்கும்.

சாவி

போன வருடம் ஓர் ஆலையில் வகுப்பு முடிந்ததும் முதலாளியே கேட்டார், என்ன வாங்க வேண்டும் என்று. சிவப்பு நிறப் பூட்டுகள் வாங்கச் சொன்னேன். கன்வேயர் சுவிட்ச் பேனலில், உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். மூன்று பேர் உள்ளே என்றால் மூன்று பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும் வரை மோட்டார் ஓடாது. யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, கேள்வி கேட்டுக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதும் இல்லை. புதுப்பையனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. வாங்கிவிட்டார், ஆறு பூட்டு.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பூட்டுகள் பளபளவென்று பேனல் பக்கத்தில் தொங்கின. சாவிகள் ஆறும் சூப்பர்வைசர் ரூமில், ஒரே ஆணியில், ஒரே வளையத்தில்.

“ஏனுங்க இப்படி?” என்றேன்.

“ஒவ்வொருத்தன்கிட்டயும் குடுத்தா தொலைச்சுப் போடறானுங்க சார். அவசரத்துக்கு மோட்டாரைப் போடோணும்னா அவனுகளைத் தேடிட்டு ஓடோணும்.”

“தேடிட்டு ஓடத்தானுங்க பூட்டே.”

அவர் தப்பான ஆள் இல்லை. இறக்க வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது, அவருக்கு மேலிருந்து போன் வருகிறது. வளையத்தைக் கழற்றி, அன்றைய ஷிஃப்டில் குதிர் வேலைக்கு இருந்தவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். மற்றவர்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்து எட்டு நாள் ஆகியிருந்த பையன் ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

கிளம்பும்போது சூப்பர்வைசர் கேட் வரை கூடவே வந்தார். “எல்லாம் சரிங்க சார். மாத்துச் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டுங்களா?”

கூடாதுங்க என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். இரண்டு முறையும் அதே கேள்வியைக் கேட்டார்.